மாமன் இல்லாத தாலாட்டு

என் மகனே,

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போன் செய்கிறாய். நான் "சாப்டியா" என்கிறேன், நீ "சாப்டேன்பா" என்கிறாய், அதற்கப்புறம் நம் பேச்சு நொண்டியடிக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டு பேரும் மழை வந்ததா இல்லையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போது நீ குறுக்கே பேச முடியாது, நானும் "சரி வச்சிடட்டுமா" என்று நழுவ முடியாது. அப்பன் எழுதும் கடிதம் என்றால் புத்திமதி இருக்கும் என்று நினைப்பாய். அங்கங்கே இருக்கத்தான் செய்யும், வயசுக் கோளாறு. ஆனால் புத்தி சொல்கிறவனுக்கே புத்தி ஒரு நிலையில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு மாசமாக எனக்கு ஒரே குழப்பம். எதில் குழப்பம் என்று கேட்டால் அதிலும் குழப்பம். உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் சேர்த்து முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். அப்போதாவது எனக்கே விளங்குகிறதா பார்க்கலாம்.

அனுவை நீயும் ஸ்டெல்லாவும் தத்தெடுத்து கோயம்புத்தூர் வீட்டுக்குக் கூட்டி வந்து மாசம் ஒன்று ஆகப்போகிறது. அந்த வாரமே உன் அம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். போகும்போது மாவு அரைத்து ஃபிரிட்ஜில் வைத்து, "தோசை ஊத்தத் தெரியும்ல? தெரியலன்னா ஓட்டல்ல தின்னுங்க. நான் எம் பேத்தியப் பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் வாசல் வரைக்கும் போய் ஆட்டோவில் பையை ஏற்றிவிட்டு, "புத்தகம் முடியட்டும், வரேன்" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன்னிடமும் ஒவ்வொரு வாரமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீயும் "சரிப்பா" என்கிறாய். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

அது என்ன புத்தகம், பெற்ற பிள்ளை வீட்டுக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கிற புத்தகம்? தாலாட்டுப் புத்தகம். சிரிக்காதே. அரியாங்குப்பம் தாண்டி சிஸ்டர்கள் நடத்தும் கைக்குழந்தைகள் இல்லம் இருக்கிறதே, அதற்குப் பணம் திரட்ட நம் கோயில் பாடற்குழு எடுத்த காரியம் இது. யாரும் இல்லாமல் விடப்பட்ட பிள்ளைகள். பால்மாவிலிருந்து வெந்நீர் வரைக்கும் எல்லாத்துக்கும் அங்கே தட்டுப்பாடு. போன வருஷம் கேக் விற்றுப் பார்த்தோம், விற்றதை விட நாங்களே தின்றதுதான் அதிகம். இந்த வருஷம் திரேசம்மா எழுந்து, "பிள்ளைங்களுக்காகத்தான காசு சேக்கறோம், அப்ப பிள்ளைங்க பாட்டையே புத்தகமா போட்டா இன்னா?" என்றார்கள். திரேசம்மாவைத் தெரியும்தானே, பாடற்குழுவில் முதல் வரிசை, குரல் கோயில் கூரையைத் தொடும், கணவருக்குப் பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆர்மோனியம் வாசிக்கிறவன், அப்பப்போ திருவிழாவுக்குப் பாட்டுக் கட்டுகிறவன், கரண்ட் ஆபீஸிலிருந்து ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிறவன். வேறு யார் தலையில் விழும்?

இதில் பெரிய வேடிக்கை என்ன தெரியுமா? நீ என் பாட்டுக்கு ஒரு நாளும் தூங்கினவன் இல்லை. ஊரில் கல்யாணம், ஆராதனை, அடக்கம் எல்லாத்துக்கும் பாடுகிறவன் மகன், அப்பன் வாயைத் திறந்தால் வீறிட்டு அழுவான். உன் அம்மா பாடினால் சிரித்துக்கொண்டு விழித்திருப்பாய். கடைசியில் ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து, முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை ரோடு வரைக்கும் ஒரு சுற்று சுற்றினால்தான் தலை என் கையில் சாயும். பாட்டு, ராகம், இதெல்லாம் பெரியவர்களுக்கு. பிள்ளைக்கு வேண்டியது ஒரு சீரான சத்தமும், பக்கத்தில் ஒரு உடம்பும்தான் என்று அப்போது நினைத்தேன். இது உனக்கு என் முதல் புத்திமதி என்று வைத்துக்கொள்: அனு தூங்காவிட்டால் பாட்டை நம்பாதே. நீயும் அவசரப்படாதே. தூங்க வைத்துவிட்டு எழுந்து போய் செல்போனைப் பார்க்கலாம் என்று நினைத்தாயோ, அந்த நினைப்பு எப்படியோ பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பாட்டுச் சேர்க்கிற வேலை சுகமாகத்தான் போனது. வீடு வீடாகப் போனேன், முடியாதவர்கள் வாட்ஸ்அப்பில் பாடி அனுப்பினார்கள். குக்கர் விசில் அடிக்க, பின்னால் நாய் குரைக்க, எத்தனை பாட்டு! ஆளுக்கு ஒரு மெட்டு, ஆனால் விஷயம் எல்லாத்திலும் ஒன்றுதான். மாமன். தாலாட்டு என்றால் தாயைப் பற்றியது என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். தாய் தன்னைப் பற்றி ஒரு வரி பாடுவதில்லை. எல்லாம் அவளுடைய அண்ணன் தம்பிகள் பற்றித்தான். மாமன் வளையல் கொண்டு வருவான், மாமன் பட்டு எடுத்து வருவான், மாமன் வந்தால்தான் வீடு வீடாகும். பிரெஞ்சுக்காரன் ஆண்ட நம் ஊருக்கே உரிய ஒரு பாட்டில் பாரிஸ் போன மாமன் ஒருத்தர் சென்ட் பாட்டிலோடு விமானத்தில் இறங்குகிறார். மாமனுக்கு அடுத்து அத்தை, சித்தி, பெரியப்பா என்று ஒரு கல்யாணப் பந்தியே பாட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நானும் அந்தப் போக்கிலேயே ஒன்று கட்டினேன். பெருமைக்குச் சொல்லவில்லை, திரேசம்மாவே பாராட்டின பாட்டு.

பாலம் தாண்டி மாமன் வாரான்
பையில் என்ன கொண்டு வாரான்?
காலுக்குத் தண்டை கொண்டு வாரான்
கண்ணே நீயும் கண்ணுறங்கு.

பாட்டுகளையெல்லாம் சேர்த்து அச்சகத்தில் கொடுத்து, முதல் புரூஃப் வந்ததும் எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனேன். சிஸ்டரிடம் காட்டலாம், இரண்டு போட்டோ எடுத்துப் பின்னட்டையில் போடலாம் என்று எண்ணம். நான் போன நேரம் ஒரு கைக்குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது. சிஸ்டர் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "பாட்டுக்கார அய்யா வந்துட்டாரு, ஒண்ணு பாடுங்களேன், உங்க புத்தகம் வேலை செய்யுதான்னு பாத்துரலாம்" என்று சிரித்தார். நானும் அங்கே சேலையால் கட்டியிருந்த ஒரு தூளி பக்கத்தில் நின்று பெரிய பாடகன் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். கைக்குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் கீழே பாயில் உட்கார்ந்திருந்த இன்னொரு பிள்ளை, இரண்டு வயசு இருக்கும், கையில் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். நான் "மாமன் வாரான்" என்று பாடினதும் அவன் எழுந்து வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. மறுபடி என்னைப் பார்த்தான். எனக்கு அடுத்த வரி வரவில்லை. நானே கட்டின பாட்டு, நானே எழுதின வரி, வாயில் இல்லை. சிஸ்டர் "மறந்துட்டீங்களா?" என்றார். "ஆமா சிஸ்டர், வயசாயிடுச்சி" என்று சொல்லிவிட்டு போட்டோ எடுக்காமலே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. அந்தப் பிள்ளைகளுக்காகப் போடுகிற புத்தகத்தில், அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாத உறவையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, அவன் வரான், இவள் வரா என்று பாடினால் அது தர்மமா, ஏமாற்றா? உறவுகளை எடுத்துவிட்டால் என்ன என்று உட்கார்ந்து திருத்தினேன். மாமனை எடுத்தேன், பாலம் மட்டும் நின்றது. பாலத்தில் யாராவது வர வேண்டுமே என்று "பாலம் தாண்டி பஸ்ஸு வருது" என்று மாற்றிப் பாடிக் காட்டினேன். அப்போது உன் அம்மா இங்கேதான் இருந்தாள். "பிள்ள தூங்கறதுக்கா, பஸ் ஏறறதுக்கா?" என்றாள். சரி, மாமன் என்ற இடத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு போட்டுவிடலாம், எந்த உறவு இருக்கிறதோ அவரவர் போட்டுப் பாடிக்கொள்ளட்டும் என்று அடுத்த யோசனை. ஆபீஸில் காலம் தள்ளின புத்தி வேறு எங்கே போகும்? உன் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதுக்குக் கீழ கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டாள். அதையும் கிழித்துப் போட்டேன்.

பாடற்குழுவில் சொன்னேன். அங்கே ஆளுக்கொரு பேச்சு. ஒருத்தர் மாமனுக்குப் பதில் வானத்திலிருந்து சம்மனசு இறங்கி வரட்டும் என்றார், அப்படிப் போட்டால் மற்ற மதத்துக்காரர் வீட்டில் வாங்குவார்களா என்று இன்னொருத்தர் கேட்டார். திரேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமன் இல்லாம இன்னாங்க தாலாட்டு? உப்பில்லாம கஞ்சி குடுப்பீங்களா? ஒண்ணும் வேணாம், எங்க வீட்டு பிரெஞ்சுப் பாட்டு ஒண்ணு இருக்கு, அதப் போடுங்க, அதுல ஒறவே கெடையாது" என்றார்கள். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் பிரெஞ்சில்தான் தூங்குமாம். சிஸ்டரிடமே போய்க் கேட்டேன். "இப்ப இல்லாட்டி இன்னா, நாளைக்கு யாராவது வந்து எடுத்துட்டுப் போவாங்க, அப்ப மாமனும் வருவாரு" என்றார். "யாரும் வராத பிள்ளைக்கு சிஸ்டர்?" என்றேன். பால் அடுப்பில் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அச்சகக்காரர் தினம் போன் செய்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் விற்றால்தான் காசு.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் நீ அந்த போனைச் செய்தாய். "அப்பா, தத்தெடுக்கற வரிசையில எங்க பேரு வந்துடுச்சி. பொண்ணு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க." உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை, உனக்கு வேலை கிடைத்தபோதும் நான் கேட்டதில்லை. நான் என்ன சொன்னேன்? "பாக்கலாம்" என்றேன். போட்டோவைப் பார்க்கலாம் என்று சொன்னேனா, வேறு எதையோ பார்க்கலாம் என்று சொன்னேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. போட்டோவைத் திறந்தேன். இதை மறைக்க மனசில்லை, சொல்லிவிடுகிறேன்: நான் அந்த முகத்தில் நம் வீட்டு மூக்கைத் தேடினேன். இருக்காது என்று தெரியும், தெரிந்தும் தேடினேன். யார் வீட்டுப் பிள்ளையோ என்று ஒரு நினைப்பு ஓடியது. இல்லை என்று சொன்னால் அது பொய். உன் சித்தப்பன் வேறு வந்து, "என்ன ஊரு, என்ன ஜாதி, ஒண்ணும் விசாரிக்கலியா?" என்று கிளறிவிட்டுப் போனான். அவனை நான் அதட்டி அனுப்பினேன். அனுப்பிவிட்டு, அவன் கேட்டது என் தலைக்குள்ளேயும் ஓடிக்கொண்டிருந்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

இதில்தான் என் குழப்பத்தின் அடிவேர் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊரில் யாரும் இல்லாத பிள்ளைகளுக்காக நான் வெயிலில் அலைகிறேன், நன்கொடை கேட்கிறேன், பாட்டுக் கட்டுகிறேன், அதில் ஒரு துளி பொய் கிடையாது. அதே மாதிரி ஒரு பிள்ளை, பேரோடும் பல்லோடும் என் வீட்டுக்கே வருகிறது என்றதும் "பாக்கலாம்" என்கிறேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று சொல்லி வைத்தார்கள். ஊரான் பிள்ளையே தன் பிள்ளையாக வந்து நின்றால் என்ன செய்வது என்று ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை. நம் பங்குச் சாமியாரிடம் போனேன். அவர் நல்லவர், என் தோளில் கை வைத்து, "சூசையப்பர் யேசுவுக்கு வளர்ப்புத் தகப்பன்தான, அவரு தயங்கினாரா?" என்றார். நான், "சாமி, அவருக்குச் சம்மனசு கனவுல வந்து சொல்லிச்சி. எனக்கு எம் மகன் போன்ல சொன்னான், அதுவும் சிக்னல் சரியில்ல" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தது தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் கோழைத்தனமாகத் தெரிகிறது, அன்றைக்கு மகா புத்திசாலித்தனமாகத் தெரிந்தது. பிள்ளைக்குக் காது குத்த வேண்டும் என்றால் மாமன் மடி வேண்டும். கிறிஸ்தவர்கள் ஆனாலும் அதை நாம் விட்டதில்லை. உனக்குக் குத்தும்போது உன் மாமன் மடியில் உட்கார்ந்து அவருடைய புதுச் சட்டையை நனைத்துவிட்டாய். அனுவுக்கு மாமன் என்றால் அது ஸ்டெல்லாவின் தம்பி ஜெரால்டுதான். அவன் முரடன், உன் கல்யாணத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் சண்டை போட்டவன். அவன் ஒத்துக்கொள்வானா? அவன் மடி கொடுத்தால், சரி, உறவு என்று ஒன்று கூடி வந்துவிட்டது, நானும் கிளம்பிப் போகலாம். அவன் மாட்டேன் என்றால் நான் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது. என் தலையில் இருந்த பாரத்தை அவன் தலையில் இறக்கி வைக்கப் பார்த்தேன், வேறொன்றும் இல்லை. புத்தகத்துக்கு அவன் கம்பெனியில் விளம்பரம் கேட்கிற சாக்கில் நம் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்துகொண்டே போனேன்.

ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். "இன்னா மாமா, வெயில்ல இவ்ளோ தூரம்? போன் பண்ணா நானே வந்திருப்பேன்ல?" என்று சொல்லி, கம்பெனி வாசலுக்கு எதிரே டீக்கடையில் உட்கார வைத்தான். விளம்பரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டு நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். "ஜெரால்டு, பெத்தாதான் பிள்ளைன்னு ஒண்ணும் இல்லப்பா. மாமன்னு ஒருத்தன் முன்னால வந்து நின்னாத்தான் அந்தப் பிள்ளைக்கும் ஒரு மரியாத. மனசுல இன்னா சங்கடம் இருந்தாலும் நீ பெருந்தன்மையா..." என்று இழுத்தேன். அவன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். நான் மூச்சு வாங்க நிறுத்தினதும், "மாமா, நான் போயிட்டு வந்துட்டேனே" என்றான்.

"எங்க?"

"கோயம்புத்தூருக்குத்தான். போன வாரம். லீவு போட்டுட்டுப் போனேன்."

செல்போனை எடுத்துக் காட்டினான். உன் வீட்டு சோபாவில் இவன் மல்லாந்து படுத்திருக்கிறான், இவன் நெஞ்சு மேல் அனு குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. ஒரு கை இவன் கழுத்துச் சங்கிலியைப் பிடித்திருக்கிறது, சிலுவை அவள் விரலுக்குள் இருக்கிறது. "மொதல்ல கிட்டயே வரல மாமா. எம் மீசையப் பாத்து ஒரே அழுவ. நானும் ஒண்ணும் பண்ணல, சும்மா கீழ படுத்துக் கெடந்தேன். அதுவா வந்து செயினப் புடிச்சி இழுத்துச்சி. அப்புறம் எறங்கவே இல்ல" என்றான். இன்னும் நான்கு போட்டோவைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். ஒன்றில் உன் அம்மா, ஒன்றில் ஸ்டெல்லா, ஒன்றில் நீ தரையில் உட்கார்ந்து முழங்கால் மேல் அவளை ஏற்றி வைத்திருக்கிறாய். எல்லாரும் இருந்தார்கள்.

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றேன். "சொல்லலாம்னுதான் மாமா இருந்தேன். அக்காதான், 'மாமாவுக்கு இப்ப சொல்ல வேணாம்டா, சங்கடப்படுவாரு, அவரு மனசு தெளியட்டும்'னுச்சி" என்றான். ஸ்டெல்லா அதைக் கோபத்தில் சொல்லியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். எனக்காக யோசித்துச் சொல்லியிருக்கிறாள். என் மருமகள் எனக்குத் தெரியாமல் என்னைப் பொத்திப் பாதுகாத்துக்கொண்டிருக்கிறாள், நான் மாவு புளித்துப் போகும்வரை தோசை ஊற்றிக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எங்கிருந்தோ ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் கையில் கிடைத்தவன் மேல் காட்டினேன். "ஏண்டா, எனக்கு முன்னாடி போயி எம் பேத்தியத் தூக்கி நெஞ்சுல போட்டுத் தூங்க வச்சிட்டு, ஒண்ணும் தெரியாதவன் மாதிரி இங்க உக்காந்து டீ குடிக்கிறியா?" என்று கத்திவிட்டேன். டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெரால்டு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான். "அத அங்க வந்து சொல்லுங்க மாமா" என்றான். டீக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தேன், பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டின பிறகுதான் நகர்ந்தேன். எம் பேத்தி. யார் சொல்லிக் கொடுத்து அந்த வார்த்தை என் வாயில் வந்தது? இத்தனை நாள் தேடின பாசம், அதைப் பாசம் என்று சொல்வதா? எனக்கு வந்தது பச்சைப் பொறாமை. பிறர் உடைமையை விரும்பாதே என்று கோயிலில் பாடுகிறவன் நான், ஒருத்தன் நெஞ்சு மேல் தூங்கின பிள்ளைக்காக எரிந்தேன். பொறாமை வழியாகவா ஒரு பிள்ளை மனுஷனுக்குச் சொந்தம் ஆகும்? ஆகுமோ என்னமோ. நீ பிறந்தபோதும், உன் தாத்தா உன்னை யாரிடமும் கொடுக்காமல் வைத்துக்கொண்டதில் எனக்கு ஆத்திரம் வந்தது ஞாபகம் இருக்கிறது. இரண்டு ஆத்திரமும் ஒரே ருசியாகத்தான் இருக்கின்றன. இதை நான் யாரிடமும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளப் போவதில்லை. கேட்டால் மறுபடி யாராவது ஒரு புனிதர் பேரைச் சொல்வார்கள்.

புத்தகத்தில் மாமன் இருக்கலாமா கூடாதா என்று கேட்டால், இன்னும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் தோன்றுகிறது, மாமன் என்றால் ரத்தத்தில் வருகிறவன் இல்லை, லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறவன், ஆகவே பாடலாம் என்று. மறுநாள் அந்தப் பையன் எழுந்து வாசலைப் பார்த்த முகம் வந்து நிற்கிறது, பாடக்கூடாது என்று தோன்றுகிறது. அவனுக்கும் ஒரு ஜெரால்டு வருவான் என்று நான் எந்த முகத்தோடு உறுதி சொல்ல முடியும்? அதனால் இன்று காலையில் புரூஃபைக் கட்டி எடுத்துக்கொண்டு திரேசம்மா வீட்டுக்குப் போய், "நீங்களே பாத்து முடிவு பண்ணிக் குடுத்துடுங்க, எப்படிப் போட்டாலும் எனக்குச் சம்மதம், தேதி தவறாம அச்சுக்குப் போவணும்" என்று கொடுத்துவிட்டேன். அவர்கள் பிரெஞ்சுப் பாட்டு இனி கட்டாயம் உள்ளே போய்விடும். போகட்டும். பிள்ளைகளுக்கு வெந்நீர் வந்தால் சரி. உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்ததும் இல்லத்தில் அந்தப் பையனைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பாட்டுப் பாட இல்லை, சும்மா அவன் பக்கத்தில் பாயில் உட்கார. அது அவனுக்கு நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்வேன்.

இனி புத்திமதி. யாராவது உன் வீட்டுக்கு வந்து, பிள்ளை யார் ஜாடை என்று கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, கேட்டுப் பழகிவிட்ட வாய். அதற்குச் சண்டை போடாதே, விளக்கமும் சொல்லாதே, பிள்ளைக்குச் சட்டையை மாற்றப் போய்விடு. ஸ்டெல்லா களைத்திருப்பாள், ராத்திரி நீ எழுந்திரு. உன் அம்மா சொல்கிற கைமருந்தையெல்லாம் கேட்டுக்கொள், டாக்டர் சொல்கிறதைச் செய். அப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளை நினைக்கிற காலம் கொஞ்சம்தான், அந்தக் காலத்திலும் தெரியாததைத் தெரியாது என்று சொல். நான் சொன்னதில்லை. "பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்துவிட்டேன். ஸ்டெல்லாவிடம் நான் நேரில் பேசிக்கொள்கிறேன். என்ன பேசுவேன் என்று தெரியாது, ஆனால் பேசுவேன்.

நாளை ராத்திரி பஸ்ஸில் ஏறுகிறேன். இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து இப்போதே உனக்கு அனுப்பிவிடுகிறேன், நான் வருவதற்குள் படித்து முடித்துவிடு. உன்னிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் வந்து இறங்கினதும் அனுவைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் திணிக்காதே. "தாத்தா பாரு, தாத்தாவுக்கு முத்தம் குடு" என்று சொல்லிக் கொடுக்காதே. உன் அம்மாவையும் அப்படிச் செய்ய விடாதே. ஜெரால்டு மாதிரி மல்லாந்து படுக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது, நான் ஒரு ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தப் பிள்ளை நமக்கு ஒட்டுமா, நம் வீட்டுக்குச் சரிப்படுமா என்று இத்தனை நாள் நான் உட்கார்ந்து யோசித்தேன். அங்கே இருந்துகொண்டு அவளும் ஒவ்வொருத்தரையும் அப்படித்தான் பார்த்து யோசித்திருக்கிறாள் என்பது எனக்கு அந்த டீக்கடையில்தான் உறைத்தது. எல்லாரும் தேறிவிட்டார்கள், நான் இன்னும் போய் நிற்கவே இல்லை. வந்து நிற்கிறேன். என்னையும் பார்க்கட்டும், பார்த்து அழட்டும், எவ்வளவு நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். திரும்பி வருவதற்கு நான் டிக்கெட் எடுக்கவில்லை.

உன் அப்பா